இதயத்தில் ஓட்டை, ஓயாத நிமோனியா: எதிர்ப்புச் சக்திதான் குறைவா?

காவிரிப் படுகைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

ஏழு மாதப் பெண் குழந்தை. பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 5.1 கிலோ. எக்கோவில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே 8 மில்லிமீட்டர் ஓட்டை இருப்பதும், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பதும் தெரிந்திருக்கிறது. இரண்டரை மாதத்தில் முதல் நிமோனியா. அதன்பின் இன்னும் இரண்டு முறை. கடைசி முறை நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்து, வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இதய மருத்துவர் சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். ஆனால் வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனையில் ஐஜிஜி (கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியின் ஒரு வகை) 410 என்று வந்ததைக் காட்டி, எதிர்ப்புச் சக்தி குறைவு என்றும், இம்யூனோகுளோபுலின் (பிறருடைய ஆன்டிபாடி) ஊசி போட்டுத் தேற்றிய பிறகு ஆபரேஷனைப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஊசிக்காக நகையை அடகு வைக்கும் யோசனை வீட்டில் நடக்கிறது. மாமியாரோ, பத்து கிலோ வரட்டும், அதுவரை கத்தி வைக்க வேண்டாம் என்கிறார். முதல் நிமோனியாவுக்குப் பிறகு தடுப்பூசி எதுவும் போடவில்லை. இவர் அத்தை மகனை மணந்தவர். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இரத்தத்தில் தெம்பில்லையோ என்ற கவலை கடிதம் முழுக்க ஓடுகிறது. மூத்த மகனுக்கு ஐந்து வயது, ஆரோக்கியமாக இருக்கிறான்.

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்களில் உங்கள் மகளுக்கு எதிர்ப்பு மண்டலக் கோளாறு இருப்பதற்கான ஆதாரம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப நிமோனியா வர முக்கியக் காரணம் அந்த ஓட்டைதான். தேற்றிவிட்டு ஆபரேஷன் என்ற வரிசை தலைகீழானது. ஓட்டையை அடைத்தால்தான் அவள் தேறுவாள். நகையை அடகு வைக்க வேண்டாம். ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள்.

ஓட்டைக்கும் சளிக்கும் என்ன தொடர்பு?

இடது கீழறையில் அழுத்தம் அதிகம், வலது கீழறையில் குறைவு. நடுச்சுவரில் ஓட்டை இருந்தால் உடம்புக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு வலது பக்கம் பாய்ந்து மறுபடி நுரையீரலுக்கே போய்விடும். பெரிய ஓட்டையாக இருந்தால் நுரையீரலுக்குள் போகும் இரத்தம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். குழாய்களில் இருந்து நீர் கசிந்து காற்றறைகளைச் சுற்றித் தேங்கும். வடிகால் அடைபட்ட வயலைப் போல நுரையீரல் எப்போதும் ஈரத்திலேயே இருக்கும். சாதாரண ஜலதோஷக் கிருமி வந்தால்கூட அங்கே நிமோனியாவாக முற்றிவிடுகிறது.

இத்துடன் இன்னொன்றும் நடக்கிறது. அதிக இரத்தம் வந்து வீங்கிய இடது மேலறையும் நுரையீரல் தமனியும் பக்கத்தில் இருக்கும் மூச்சுக்குழாயை, குறிப்பாக இடது பக்கத்தில், அமுக்கும். குழந்தையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே மிகக் குறுகியது. அமுங்கிய இடத்துக்குக் கீழே சளி வெளியேற முடியாமல் அடைத்துக்கொண்டு, அந்தப் பகுதி சுருங்கிவிடும். உங்கள் மகளின் மூன்று எக்ஸ்ரேக்களில் இரண்டில் இடது கீழ்ப்பகுதிதான் வெள்ளையாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கதைக்கு அது பொருந்துகிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் அந்த இடத்துக் குழாயின் பிரச்சினைதான். எதிர்ப்பு மண்டலம் பழுதானால் கிருமி இடம் பார்த்து வராது.

மூன்றாவது, பால் குடிக்கும் சிரமம். நெற்றி வியர்க்க, இரண்டு வாய் உறிஞ்சி நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி உறிஞ்சுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, இது இதயம் திணறுவதன் அடையாளம். போதிய சத்து உள்ளே போவதில்லை. போனதையும் வேகமாக அடிக்கும் இதயமும் வேகமாக ஏறி இறங்கும் மார்பும் செலவழித்துவிடுகின்றன. ஏழு மாதப் பெண் குழந்தையின் சராசரி எடை சுமார் 7.6 கிலோ. 5.1 கிலோ என்பது கடுமையான எடைக்குறைவு. இப்படி மெலிந்த எந்தக் குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி ஓரளவு தளரத்தான் செய்யும். அந்த அளவில் உங்கள் சந்தேகத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தத் தளர்ச்சி மெலிவின் விளைவு. எடை ஏறினால் சரியாகிவிடும்.

முதல் நிமோனியா இரண்டரை மாதத்தில் வந்ததும் ஒரு தடயம். பிறந்த புதிதில் நுரையீரல் குழாய்கள் இறுக்கமாக இருப்பதால் ஓட்டை வழியே அதிக இரத்தம் பாயாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் அவை தளர்ந்ததும் வெள்ளம் தொடங்கும். பெரிய ஓட்டை உள்ள குழந்தைகள் அப்போதுதான் வியர்க்கவும் மூச்சு வாங்கவும் ஆரம்பிக்கிறார்கள். ஆன்டிபாடி குறைவு நோய்கள் பொதுவாக இவ்வளவு சீக்கிரம் தலைகாட்டுவதில்லை. வயிற்றில் இருக்கும்போது தாய் கொடுத்த ஆன்டிபாடி முதல் சில மாதம் காப்பாற்றும். அது தீர்ந்த பிறகே, ஆறு மாதத்தை ஒட்டி, அந்த நோய்கள் வெளிப்படும்.

அந்த ‘குறைவு’ எங்கிருந்து வந்தது?

உங்கள் ரிப்போர்ட்டில் ஐஜிஜி 410 மில்லிகிராம் என்று போட்டு, பக்கத்தில் சரியான அளவு 700 முதல் 1600 என்று அச்சடித்திருக்கிறது. அது பெரியவர்களின் அளவு. குழந்தைக்குக் கணக்கு வேறு. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி குறைந்துகொண்டே வர, குழந்தை தானாகத் தயாரிப்பது மெதுவாகக் கூடுகிறது. இந்த இரண்டும் சந்திக்கும் மூன்று முதல் ஆறு மாத வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஐஜிஜி மிகவும் இறங்கியிருக்கும். அதன் பிறகு ஏறத் தொடங்கும். ஏழு மாதத்தில் 200-க்கு மேல் இருப்பதே பெரும்பாலும் இயல்பு வரம்புக்குள் அடங்கும். 410 இந்த வயதுக்குச் சரியான அளவு. குழந்தையின் வயதைக் கேட்காமல் கணினி அச்சடித்த ஓர் அளவை நம்பி ஊசி எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

அதே தாளில் இதைவிடப் பயனுள்ள ஒரு கணக்கு இருக்கிறது. மொத்த வெள்ளையணுக்கள் 9,800, அவற்றில் லிம்போசைட் என்ற வகை 52 விழுக்காடு. 9,800-ஐ 52-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 5,096. கைக்குழந்தைக்கு இந்த எண்ணிக்கை 3,000-க்குக் கீழே இருந்தால்தான் பிறவியிலேயே டி-செல் (லிம்போசைட்டில் ஒரு வகை எதிர்ப்பு அணு) இல்லாத கடும் நோயைச் சந்தேகிப்போம். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் அந்த நோய்க்கான வாய்ப்பு சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகளின் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, மூத்தவன் நலமாக இருக்கிறான், குடும்பத்தில் பச்சிளம் வயதில் யாரும் தொற்றால் இறக்கவில்லை. இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

சரி, சும்மா ஒரு தடவை ஊசி போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வழக்கமான அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம். 5.1 கிலோவுக்குச் சுமார் 2 கிராம்; ஐந்து விழுக்காட்டு மருந்தாக அது 40 மில்லிக்கு மேல் வரும். நீர் கோத்த நுரையீரலும் திணறும் இதயமும் உள்ள குழந்தைக்கு நரம்பு வழியாக இதை ஏற்றுவது சாதாரண விஷயமல்ல. ஏற்றிய மருந்து பிறருடைய ஆன்டிபாடி. சில வாரங்களில் பாதியாகி, சில மாதங்களில் கரைந்துவிடும். அது கரையும்வரை குழந்தையின் சொந்த ஐஜிஜி எவ்வளவு என்று சோதிக்கவும் முடியாது. தட்டம்மைத் தடுப்பூசியும் அடுத்த எட்டு மாதத்துக்கு வேலை செய்யாமல் போகலாம். உண்மையாகவே ஆன்டிபாடி தயாரிக்க முடியாத குழந்தைக்கு இதே ஊசி உயிர் காக்கும் மருந்து. உங்கள் மகளுக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

டானிக்குகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இதய ஓட்டை உள்ள குழந்தைக்கு நிமோனியா வராமல் தடுத்ததாக நிரூபிக்கப்பட்ட எதிர்ப்புச் சக்தி டானிக் எதுவும் கிடையாது. அதே ரிப்போர்ட்டில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒன்றுக்கு மருந்து தேவை. ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதில் 11 இருக்க வேண்டும். இரத்தச் சோகை இதயத்தின் சுமையைக் கூட்டும். இரும்புச் சத்துச் சொட்டு மருந்து, கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் நாளுக்குச் சுமார் 15 மில்லிகிராம் தனி இரும்பு, மூன்று மாதமாவது கொடுப்பது பற்றி உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பாட்டிலில் எழுதியிருப்பது உப்பின் அளவா, தனி இரும்பின் அளவா என்பதை மருந்துக் கடைக்காரரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வைட்டமின் டி 400 யூனிட் தினமும் தொடரட்டும்.

உண்மையிலேயே எப்போது சந்தேகப்பட வேண்டும்?

எதிர்ப்பு மண்டலக் குறைபாட்டுக்குப் பத்து எச்சரிக்கை அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஓராண்டில் இரண்டு நிமோனியா, எடை ஏறாமை, நரம்பு வழி ஆன்டிபயாடிக் தேவைப்படுவது ஆகியவை அதில் வரும். பெரிய ஓட்டை உள்ள எந்தக் குழந்தையை நிறுத்தினாலும் இந்த மூன்றும் பொருந்திவிடும். அதனால் இதயக் குழந்தைகளுக்கு அந்தப் பட்டியலை அப்படியே பயன்படுத்தினால் ஏமாந்துபோவோம். நுரையீரலைத் தாண்டிய அடையாளங்களைத் தேட வேண்டும். வாயில் வெள்ளைப் படலம் மருந்துக்கும் அடங்காமல் மாதக் கணக்கில் இருப்பது, விடாத வயிற்றுப்போக்கு, தோலுக்கடியில் ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, பிசிஜி ஊசி போட்ட இடம் ஆறாமல் அக்குளில் நெறி கட்டிச் சீழ் பிடிப்பது, குடும்பத்தில் ஆண் குழந்தைகள் கைக்குழந்தையாகவே தொற்றில் இறந்திருப்பது. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

இதய ஓட்டையும் எதிர்ப்புக் குறைவும் சேர்ந்தே வரும் சில நிலைகளும் உண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டால் வரும் டிஜார்ஜ் நோய்க்குறி அவற்றில் முக்கியமானது. டி-செல்கள் முதிர்வது தைமஸ் சுரப்பியில். இந்தக் குழந்தைகளுக்கு அது சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும். இரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரலாம்; அண்ணப் பிளவு இருக்கலாம்; பால் மூக்கு வழியே வரலாம். இதில் பெரும்பாலும் வரும் இதயக் குறை ஃபாலட் நான்மடக்குறை போன்ற, இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தக் குழாய்களின் கோளாறுகள். தனியான ஓட்டை குறைவுதான், ஆனால் வராது என்றில்லை. ஆபரேஷனுக்கு முன் கால்சியம் அளவு ஒரு முறை பார்ப்பது செலவில்லாத காரியம். அது குறைவாக இருந்தாலோ முக அமைப்பில் சந்தேகம் இருந்தாலோ மரபணுச் சோதனையை முதலில் செய்ய வேண்டும். ஏனென்றால் இந்தக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சில் பதப்படுத்திய இரத்தம்தான் ஏற்ற வேண்டும்.

டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு அருகில் இதயக் குறை இருக்கும். அவர்களுக்கும் எதிர்ப்பு அணுக்களில் குறைபாடு உண்டு. உறுப்புகள் இடம் மாறி அமைந்து மண்ணீரலே இல்லாத குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றாலே அவசரம். உங்கள் மகளுக்கு இந்த இரண்டும் இல்லை என்று எக்கோவும் டிஸ்சார்ஜ் தாளும் சொல்கின்றன.

பத்து கிலோ வரட்டும் என்பது

உங்கள் அத்தை பயந்து சொல்கிறார், பயம் நியாயம்தான். பல ஆண்டுகளுக்கு முன் சின்னக் குழந்தைகளுக்கு இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து ஆபரேஷன் செய்வது ஆபத்தாக இருந்தபோது மருத்துவர்களே அப்படிச் சொன்னார்கள். இன்று அனுபவமுள்ள மையங்களில் நான்கைந்து கிலோ குழந்தைக்கும் இது வழக்கமான ஆபரேஷன். மருந்துக்கு அடங்காத பெரிய ஓட்டையை மூன்று முதல் ஆறு மாதத்திலேயே மூடிவிடுவதுதான் பொது நடைமுறை. உங்கள் மகள் ஏற்கெனவே அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டாள். தவிர, கடைசி இரண்டு மாதத்தில் 200 கிராம்கூட ஏறாத குழந்தை எந்த வழியில் பத்து கிலோவை எட்டும்?

காத்திருப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சில குழந்தைகளுக்கு ஒன்று ஒன்றரை வயதில் வியர்வை நின்று, மூச்சிரைப்பு குறைந்து, சளிகூட அடிக்கடி வராமல் போகும். பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டில் மகிழ்வார்கள். உண்மையில் அதிக இரத்த ஓட்டத்தைத் தாங்க முடியாமல் நுரையீரல் குழாய்கள் தடித்துச் சுருங்கியதால் ஓட்டை வழியே பாய்வது குறைந்திருக்கும். அது முற்றினால் இரத்தம் எதிர்ப்பக்கம் பாய்ந்து குழந்தை நீலம் பாரிக்கும். அந்த ஐசன்மெங்கர் நிலைக்குப் பிறகு ஓட்டையை மூட முடியாது. மூடினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மகளுக்கு நுரையீரல் அழுத்தம் ஏற்கெனவே கூடியிருப்பதால் இது ஏட்டளவு ஆபத்து அல்ல.

நிமோனியா முடிந்து எத்தனை நாள் இடைவெளி வேண்டும்? அவசரமில்லாத ஆபரேஷனை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிவைப்பது வழக்கம். அழற்சி ஆறாத நுரையீரலோடு இயந்திரத்தில் வைத்தால் பிறகு வென்டிலேட்டரிலிருந்து எடுப்பது கடினம். ஆனால் சளியே இல்லாத நாளுக்காகக் காத்திருந்தால் இந்தக் குழந்தைகளுக்கு அப்படி ஒரு நாள் வரவே வராது. தொற்று ஆறிய முதல் இடைவெளியிலேயே செய்துவிட வேண்டும். தேதிக்கு முதல் நாள் மூக்கு லேசாக ஒழுகினால் நீங்களாகப் பயணத்தை ரத்து செய்யாமல் போனில் கேளுங்கள்; முடிவை மயக்க மருத்துவர் எடுக்கட்டும்.

ஆபரேஷனில் இருக்கும் அபாயங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரத்தில் வைத்த சில நாட்களுக்கு எதிர்ப்புச் சக்தி தற்காலிகமாகத் தளரும். காயத்திலும் இரத்தத்திலும் தொற்று வரலாம். இதயத்தின் மின் கடத்துப் பாதை ஓட்டையின் விளிம்பை ஒட்டியே ஓடுவதால், மிகச் சிலருக்கு அது பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படும். தைமஸ் சுரப்பி இதயத்தின் முன்னால் போர்த்தினாற்போல் இருப்பதால், உள்ளே செல்ல அதில் ஒரு பகுதியையோ பெரும்பகுதியையோ எடுக்க நேரும். அதன்பின் பல ஆண்டுகள் டி-செல் எண்ணிக்கை குறைந்திருக்கும். இருந்தும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் அடிக்கடி நோய் வருவதில்லை. முடிந்த அளவு தைமஸை விட்டுவைக்க முடியுமா என்று அறுவை மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அதற்காக ஆபரேஷனைத் தவிர்ப்பது சரியல்ல.

நின்றுபோன தடுப்பூசிகள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். இதய ஓட்டை தடுப்பூசியை நிறுத்தக் காரணமே அல்ல. விடாமல் போடுவதற்குக் காரணம். ஆறு வாரத்தோடு நின்றுவிட்டதால் நிமோகாக்கஸ், ஹிப் பாக்டீரியாக்கள், கக்குவான் இருமல் மூன்றுக்கும் அவளுக்கு அரைகுறைப் பாதுகாப்புதான். நிமோனியா உண்டாக்கும் முக்கியமான கிருமிகள் இவை. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி), நிமோகாக்கல், போலியோ சொட்டு, போலியோ ஊசி, ரோட்டா சொட்டு ஐந்தையும் ஒரே நாளில் கொடுக்கலாம். லேசான ஜலதோஷம் தடையல்ல. இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் செல்லுங்கள். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னதாகவாவது போட்டிருந்தால்தான் ஊசியால் வரும் காய்ச்சலைத் தொற்று என்று குழப்பிக்கொள்ள நேராது.

ஃப்ளூ ஊசி இலவசத் திட்டத்தில் இல்லை. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு ஆண்டுக்கு ஒன்று. எதிர்ப்புச் சக்தி ஊசிக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு துளி இதற்குப் போதும். நீங்களும், கணவரும், பள்ளிக்குப் போகும் மூத்தவனும் சேர்ந்தே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கிருமியைக் கொண்டுவருவது பெரும்பாலும் மூத்த பிள்ளைதான். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிரான ஊசியும் உண்டு. விலை மிக அதிகம், எளிதில் கிடைப்பதும் இல்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஒன்பது மாதத்தில் வரும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் ஒரு சிக்கல் உண்டு. ஆபரேஷனில் ஏற்றும் இரத்தத்தில் மற்றவர்களின் ஆன்டிபாடி இருப்பதால் அதன்பின் சுமார் ஆறு மாதம் இந்த ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். எந்தத் தேதியில் போடுவது, பிறகு மறுபடி போட வேண்டுமா என்பதை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

தேதி வரும்வரை வீட்டில்

மருந்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. நீரைப் பிரிக்கும் ஃபுரோசமைட் திரவத்தை டீஸ்பூனில் ஊற்றாமல் 1 மில்லி சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். அரை மில்லி என்று எழுதியதை அரை ஸ்பூன் என்று புரிந்துகொண்டால் ஐந்து மடங்காகிவிடும். இதயத்தின் சுமையைக் குறைக்கும் எனலாப்ரில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஒரு பங்கு கொடுக்கச் சொல்லியிருந்தால் மீதியை அப்போதே கொட்டிவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் இந்த இரண்டும் உடம்பை வறட்டிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்; அன்றே மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்ற வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது ஒரு வேளைக்குச் சுமார் 75 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் வேண்டாம். சளிக்கு என்று கடையில் தரும் குளோர்பெனிரமின்-ஃபினைல்எஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. அது இதயத் துடிப்பையும் கூட்டும்.

மூக்கில் எண்ணெய் விடுவது, விரலை விட்டுத் தொண்டையில் சளி எடுப்பது, குளித்ததும் சாம்பிராணி காட்டுவது மூன்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் தனி வகை நிமோனியாவே வரும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை போதும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. கற்பூரம் கலந்த தைலம் மார்பில் தேய்க்க வேண்டாம்.

சாப்பாட்டுக் கணக்கு முக்கியம். இவளுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 130 முதல் 150 கலோரி, அதாவது 660 முதல் 765 வரை தேவை. தாய்ப்பால் 100 மில்லியில் சுமார் 67 கலோரிதான். பாலிலேயே ஈடுகட்ட ஒரு லிட்டர் குடிக்க வேண்டும். களைத்துப்போகும் குழந்தையால் ஆகாது. எனவே தாய்ப்பாலைத் தொடர்ந்தபடியே கெட்டியான உணவு. பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், ரசம் எல்லாம் வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது. பருப்பும் சோறும் குழைத்து, கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில், வேளைக்கு ஒரு டீஸ்பூன் நெய் அல்லது தேங்காய் எண்ணெய் விடுங்கள். அந்த ஒரு டீஸ்பூனில் மட்டும் 45 கலோரி. கெட்டிக் கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், முட்டை எல்லாம் தரலாம். ஒரு வேளை இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அதற்குமேல் உறிஞ்சுவதில் சேர்வதைவிடச் செலவாவது அதிகம். மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில், தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள். படுக்கவைத்துக் கொடுத்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். வாரத்துக்கு 100 கிராமாவது ஏறவில்லை என்றால் மூக்கு வழிக் குழாயில் பால் கொடுப்பது பற்றிக் கேளுங்கள்.

தினமும் தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ஐ எட்டினாலே வேக மூச்சு என்போம், ஆனால் இவளுக்கு நல்ல நாளிலேயே 55 இருக்கலாம். அவளுடைய வழக்கமான எண் தெரிந்தால்தான் கூடியது தெரியும். அதைவிடப் பத்து பதினைந்து கூடினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள். காய்ச்சல் இல்லாத வேக மூச்சு பெரும்பாலும் இதயத் திணறல். அதற்கு ஆன்டிபயாடிக் அல்ல, ஃபுரோசமைட் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மூச்சு விடும்போது முனகல், விலா உள்ளிழுப்பு, பால் மறுப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், உதடு நீலம், ஆக்சிமீட்டரில் 92-க்குக் கீழே, இவற்றில் எதுவாயினும் 108-ஐ அழையுங்கள். காரணம் தெரியாமல் காய்ச்சல் நீடித்தால் கடையில் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். இதய உட்சுவரில் தொற்று இருக்கிறதா என்று அறிய, முதல் டோஸுக்கு முன்பே இரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும்.

செலவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயக் குறை ஆபரேஷன் அடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்திலும் குழந்தையைப் பதிந்துவிடுங்கள். அங்கிருந்து ஆபரேஷன் மையத்துக்கு அனுப்பும் வழி இருக்கிறது. 104-இல் அழைத்தால் உங்கள் மாவட்ட மையம் எங்கே என்று சொல்வார்கள். எக்கோ ரிப்போர்ட், மூன்று எக்ஸ்ரே படங்கள், டிஸ்சார்ஜ் தாள்களின் நகல்களைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

ஓட்டை மூடியபின் சில மாதங்களில் மூச்சும் பசியும் மாறி, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடை எட்டிப் பிடிக்கத் தொடங்கும். எக்கோவில் கசிவு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகும் அந்த ஓராண்டில் இரண்டு நிமோனியா வந்தால், அப்போது எதிர்ப்பு மண்டலத்தை முழுமையாகச் சோதியுங்கள்: ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (எதிர்ப்பு அணுக்களை வகை பிரித்து எண்ணும் சோதனை) டி, பி, என்கே செல் எண்ணிக்கை, போட்ட தடுப்பூசிகளுக்கு ஆன்டிபாடி உருவாகியிருக்கிறதா என்ற சோதனை. இரத்தம் ஏற்றிய மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகே இவற்றை எடுக்க வேண்டும். எந்த எண்ணையும் குழந்தையின் வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள்.